கலைஞரைக் கலைஞரே அறிவர்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பால்வெட்டுத் தொழிலில் பல்லாண்டு பழகியவர்கள் நீங்கள். ஒரு நிரையில் நடந்து செல்லும்போதே, மரத்தின் பட்டையைப் பார்த்து, 'இது தேர்ந்த கை வெட்டிய மரம். இது பழகாத கை வெட்டிய மரம்' என்று கூறிவிட உங்களால் முடியும். பட்டையை மெல்லிதாகச் சீவி, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பாலை இறக்குபவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். காயம் பட்ட மரத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளர்வதைக் கண்டு நீங்கள் வருந்துவீர்கள். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தினருக்கோ எல்லா மரமும் ஒன்றுதான். அவர் புகழ்ந்தாலும் அப்புகழ்ச்சியில் பொருள் இராது. உடன் உழைக்கும் ஒருவர், 'நல்ல வெட்டு' என்று சொல்லும் ஒரு சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்று நம் முன்னோர் சொன்னதும் இதனைத்தான்.

தொழிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கலைக்கும் பொருந்தும். அதனை விளக்கவே, ஒரு முதிய இசைக்கலைஞரின் வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொண்டோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்தவர். ஆயினும் அவருடைய கதை தோட்ட மக்களாகிய உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அவர் வாசித்த கருவி பிறந்த ஊரும் ஒரு தோட்டமே. அக்கருவியின் ஓசை இந்திய மண்ணில் வேரூன்ற அவரும் ஒரு காரணராக இருந்தார். அவர் பெயர் தவ் மோயே. அவர் வாசித்த கருவி ஸ்டீல் கிட்டார் எனப்படுவது.

முதலில் அக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். சாதாரணக் கிட்டாரை மார்போடு அணைத்து, இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்தி வாசிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டீல் கிட்டார் அவ்வாறு வாசிக்கப்படுவதில்லை. கருவியை மடியில் படுக்க வைப்பார்கள். தந்திகள் பலகையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். இடக்கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்து, தந்திகளின்மேல் மெல்ல வழுக்கிச் செல்வார்கள். வலக்கை விரல்கள் தந்திகளை மீட்டும். எஃகினால் வாசிக்கப்படுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. நம்மவர் அதனை 'ஹவாயன் கிட்டார்' என்றே பெரிதும் வழங்குவர்.

இவ்வாறு வழுக்கி வாசிப்பதால் விளையும் பயன் என்ன? ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குத் தாவிச் செல்லாமல், இடையிலுள்ள நுண்ணிய ஒலிகளையெல்லாம் தொட்டுச் செல்ல முடியும். மனிதக் குரல் அழுவதுபோலவும், குழைவதுபோலவும் அக்கருவி பேசும். நம் கருநாடக இசையில் கோட்டுவாத்தியம் என்றொரு கருவி உண்டு. சித்திரவீணை என்றும் அதனைக் கூறுவர். அதிலும் மெட்டுகள் இல்லை. கருங்காலி போன்ற வன்மரத் துண்டு ஒன்றைத் தந்திமேல் வழுக்கியே வாசிப்பர். ஆகவே, கமகத்திற்குப் பழகிய நம் செவிக்கு ஸ்டீல் கிட்டாரின் ஓசை புதுமையாக இருந்தாலும் அயலாக இருப்பதில்லை. இந்தியத் திரையிசைக் குழுக்களில் அது விரைந்து இடம்பெற்றதற்கும் இதுவே காரணம் எனலாம்.

இனி, அக்கருவி பிறந்த ஊருக்கு வருவோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாகு என்னும் தீவின் கடற்கரையில் லாயியே என்றொரு சிற்றூர் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மார்மன் திருச்சபையினர் நடத்திய கரும்புத் தோட்டமாக இருந்தது. ஹவாயில் கரும்பு பெருந்தோட்டப் பயிராக வளர்ந்தது 1835-ஆம் ஆண்டிற்குப் பின்னர். தோட்டங்களில் வேலை செய்யச் சீனர்கள் வந்தார்கள், போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள், ஜப்பானியர்கள் வந்தார்கள், பின்னர்க் கொரியரும் பிலிப்பினோக்களும் வந்தார்கள். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய மக்கள் அவர்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய கதையை நினைத்துக்கொண்டால் அவர்கள் கதையும் விளங்கும்.

வந்தவர்கள் வெறுங்கையுடன் வரவில்லை. மெக்சிக்கோவிலிருந்து மாடு மேய்க்க வரவழைக்கப்பட்டவர்கள் 1830-களில் கிட்டாரைக் கொண்டுவந்தனர். 1879-இல் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர் ஒரு சின்னஞ்சிறு தந்திக் கருவியைக் கொண்டுவந்தனர். அதுவே 'உக்குலேலே' ஆயிற்று. இவ்வாறு, வேலைக்கு வந்தவர்களின் இசையும் மண்ணின் மைந்தர்களின் இசையும் கலந்த இடம் ஹவாய்.

அந்த லாயியே ஊரில் 1874-இல் பிறந்தவர் ஜோசப் கெக்குக்கு. அவர் ஹொனலுலு நகரின் கமேகாமேகா ஆண்கள் பள்ளியில் பயின்ற மாணவர். 1889-ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, கிட்டார்த் தந்திமேல் இரும்புப் பொருளை வைத்து வழுக்கினால் புதியதோர் ஓசை எழுவதைக் கண்டார். இருப்புப்பாதை ஓரத்தில் கிடந்த ஆணியை எடுத்துத் தேய்த்தார் என்பர் சிலர். கையிலிருந்த சீப்புத் தந்திமேல் பட்டது என்பர் வேறு சிலர். எது எவ்வாறாயினும், அவர் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. கத்தியின் முதுகால் வாசித்துப் பார்த்தார். பின்னர்ப் பள்ளியின் தொழிற்பட்டறையில் எஃகுத் துண்டு ஒன்றைத் தமக்கேற்றவாறு செய்துகொண்டார். தந்திகளை உயர்த்திக் கட்டினார். ஆண்டுக்கணக்கில் பழகி ஒரு வாசிப்பு முறையையே உருவாக்கினார். 1904-இல் அமெரிக்காவிற்குச் சென்று, பின்னர் ஐரோப்பாவிலும் வாசித்து, 1932-இல் காலமானார். அவருக்கு முன்பே, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த டேவியன் என்பவர் ஹவாயில் இவ்வாறு வாசித்ததாக ஒரு வழக்காறும் உண்டு. ஆயினும் கருவிக்கு உருவும் முறையும் தந்தவர் கெக்குக்கு என்றே போற்றப்படுகிறார். பிறந்த ஊரான லாயியேயில் 2015-இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கு ஹவாய் இசையைக் கேட்ட மக்கள் அதில் மயங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்காவில் பெருவாரியாக விற்பனையாயின. பெரிய அரங்குகளில் வாசிக்கவேண்டி வந்தபோது கருவியின் ஓசை போதவில்லை. 1927-இல் உலோக உடலும் ஒலித்தட்டுகளும் கொண்ட கிட்டார் வந்தது. 1932-இல் மின்விசையால் ஒலி பெருக்கும் கிட்டார் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அதற்கு 'வாணலி' என்று பட்டப்பெயர் இட்டார்கள். விற்பனையில் வெற்றி கண்ட முதல் மின் கிட்டார் அதுவே. அதுவும் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிட்டாரே! இன்று உலகெங்கும் இளைஞர்கள் முழக்கும் மின் கிட்டாரின் மூத்த உடன்பிறப்பு, கரும்புத் தோட்டத்து ஊர் ஒன்றில் பிறந்த கருவி என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் பிறந்தது தோட்டத்தோடு முடிந்துவிடும் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை.

தோழர்களே, இப்பொழுது நம் கதைத் தலைவரைச் சந்திப்போம். தவ் மோயே 1908-இல் சமோவாத் தீவுகளில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தாருடன் லாயியேக்கு வந்து சேர்ந்தார். கெக்குக்கு பிறந்த அதே ஊரில் வளர்ந்து, ஸ்டீல் கிட்டாரைக் கற்றுத் தேர்ந்தார். 1920-களின் பிற்பகுதியில், பிரெஞ்சுப் பெண்மணியான மதாம் ரிவியேர் என்பார் நடத்திய ஹவாய் இசை நடனக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் ரோஸ் என்னும் ஹவாய்ப் பெண் பாடியும் ஆடியும் வந்தார். தவ் மோயேயும் ரோஸும் மணம் புரிந்துகொண்டனர். குழுவில் தவ் மோயேயின் சிற்றப்பன்மாரும் இருந்தனர்.

அக்குழு கப்பலேறி ஆசிய நாடுகளுக்கு வந்தது. பிலிப்பைன்ஸ், ஜப்பான், சீனம், இந்தியா என்று ஊர் ஊராகச் சென்றது. 1929-இல் தோக்கியோ நகரில் சில பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவற்றிடம் திரும்பி வருவோம். அதே 1929-இல் அவர்களுக்கு ஜப்பானில் ஆண்குழந்தை பிறந்தது. லானி என்று பெயரிட்டார்கள்.

பின்னர்த் தவ் மோயே தம் குடும்பத்தையே ஒரு குழுவாக்கிக்கொண்டார். கணவர் கிட்டார் வாசிப்பார்; மனைவி பாடுவார்; வளர்ந்த மகன் உடன் பாடி ஆடுவான். பின்னாளில் பிறந்த மகள் டோரியனும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஆசியா, மத்தியக் கிழக்கு, ஐரோப்பா என்று அவர்கள் போகாத திசை இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இது செல்வச் சீமானின் உலகச் சுற்றுலா அன்று. இன்று ஓர் ஊரில் வாசித்தால்தான் நாளை அடுத்த ஊருக்குப் பயணச்சீட்டு. உடல்நலம் குன்றினாலும் மேடை ஏறவேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியும் பயணமும் ஒன்றே. உழைத்து உண்ணும் குடும்பம் அது. கருவிதான் அவர்களுடைய பால்கத்தி. மேடைதான் அவர்களுடைய நிரை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர்கள் இந்தியாவில் தங்கினார்கள். 1940-களில் பல ஆண்டுகள் கல்கத்தா நகரமே அவர்களுக்கு வீடாயிற்று. மகள் டோரியன் பிறந்ததும் இந்தியாவில்தான். அங்கே தவ் மோயே வாசித்ததோடு நிற்கவில்லை. விரும்பி வந்தவர்களுக்குக் கற்பித்தார். கல்கத்தாவில் 'அலோகா பாய்ஸ்' என்னும் குழுவை நடத்திப் புகழ்பெற்ற கார்னி நிஸ், அவரிடம் பயின்றவர்களுள் ஒருவராகக் கூறப்படுகிறார். அக்கலை வங்காளத்தில் பரவியது. இரவீந்திரநாத் தாகூரின் பாடல்களையும் திரைப்பாடல்களையும் ஹவாயன் கிட்டாரில் வாசிப்பது அங்கே ஒரு வழக்கமாகவே வளர்ந்தது. நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகள் அக்கருவியைக் கற்றனர்.

பின்னர் அதே கருவியைச் செவ்வியல் இசைக்குக் கொண்டுவந்தவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அவர் சரோத் மேதை அலி அக்பர்கானின் மாணவர். 1967-இல் சிவகுமார் சர்மா, அரிப்பிரசாத் சௌராசியா ஆகியோருடன் சேர்ந்து அவர் வாசித்த இசைத்தட்டு மிகவும் புகழ்பெற்றது. அடுத்து வந்த விசுவமோகன் பட், கிட்டாரை மாற்றி அமைத்து 'மோகன வீணை' என்று பெயரிட்டார். அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த இசைத்தொகுப்பிற்காக 1994-இல் கிராமி விருதையும் பெற்றார். காப்ராவின் மாணவரான தேபாஷிஷ் பட்டாச்சார்யா கல்கத்தாவைச் சேர்ந்தவர். அவர் மூன்று வகைக் கிட்டார்களைத் தாமே வடிவமைத்தவர். இவர்கள் எல்லாரையும் தவ் மோயேயின் மாணவர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மையாகாது. ஆனால் இந்திய மண்ணில் அவ்வோசைக்கு நீர் வார்த்த கைகளுள் அவர் கையும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இத்தனை செய்த தவ் மோயே முதுமையில் எங்கே இருந்தார்? அலைச்சல் எல்லாம் முடிந்தபின், மனைவி மக்களுடன் லாயியேக்குத் திரும்பி, அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் வாசித்த பழைய தட்டுகளைச் சேகரிப்பாளர் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் அத்தட்டுகளில் வாசித்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதை அவர்கள் அறியவில்லை. ஊராருக்கு அவர் நல்லவரான ஒரு முதியவர். உலகுக்கோ அவர் ஒரு தேய்ந்த இசைத்தட்டு. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவர் ஓர் அமைச்சரோ, செல்வரோ, பத்திரிகையாளரோ அல்லர். அவரும் ஒரு கிட்டார்க் கலைஞரே.

அவர் பெயர் பாப் பிராஸ்மன். 1954-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். பழைய ஹவாய் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். தட்டுகளைச் சேர்த்து அடுக்கி வைத்ததோடு அமையாமல், அவற்றைக் கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றவர். தோக்கியோவில் பதிவான மதாம் ரிவியேர் குழுவின் தட்டுகளும் அவரிடம் இருந்தன. அத்தட்டுகளின் கிட்டார் வாசிப்பை அவர் பெரிதும் மதித்துப் போற்றி வந்தார். ஒருநாள், தாம் வெளியிட்டிருந்த இசைத்தட்டு ஒன்று வேண்டும் என்று லாயியேயிலிருந்து ஒருவர் அவருடன் தொடர்பு கொண்டார். கேட்டவரின் பெயர் தவ் மோயே! தாம் பல்லாண்டு யாருடைய கைவிரலைச் செவியால் பின்தொடர்ந்தாரோ அவரே தம் தட்டைக் கேட்கிறார் என்பதைப் பிராஸ்மன் உணர்ந்தபோது அவருக்கு எத்தகைய வியப்பு ஏற்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறுபது ஆண்டுகள் வாசித்த அம்முதியவர், தம்மினும் இளைய ஒருவரின் தட்டை விலைக்குக் கேட்கிறார். 'எமக்குத் தெரியாததா?' என்று அவர் எண்ணவில்லை. எண்பது வயதை எட்டும் காலத்திலும் கேட்கும் ஆவல் அவருக்கு இருந்தது. மூத்தவர் இளையவரைக் கேட்டார். இளையவர் மூத்தவரைத் தேடிச் சென்றார். பாராட்டு என்பது ஒருவழிப் பாதை அன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பிராஸ்மன் செய்தது என்ன? பாராட்டுக் கடிதம் ஒன்று எழுதிவிட்டு அமைதி அடைந்தாரா? இல்லை. தவ் மோயே குடும்பத்தாரோடு சேர்ந்து, 1929-இல் தோக்கியோவில் பதிவான பழைய பாடல்களை மறுபடியும் பதிவு செய்ய முனைந்தார். தவ் மோயே, ரோஸ், லானி, டோரியன் ஆகிய நால்வரும் பங்குகொண்டார்கள். இளம்பெண்ணாகத் தோக்கியோவில் பாடிய அதே ரோஸ், எண்பது வயதளவில் அதே பாடல்களைப் பாடினார். அத்தொகுப்பு 1989-இல் வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட ஹவாய் மொழிப் பெயருக்கு, 'நம் இளமைக்காலப் பாடல்களை நினைவுகூர்தல்' என்று பொருள். முதற்பதிவிற்கும் மறுபதிவிற்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

இப்பாராட்டில் நாம் கற்றுக்கொள்ளத்தக்க செய்திகள் நான்கு உண்டு.

முதலாவது, அது அறிந்து செய்த பாராட்டு. 'அருமை, பெருமை' என்னும் பொதுச்சொற்களால் பிராஸ்மன் அம்முதியவரைப் புகழவில்லை. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எந்த வாசிப்பு என்பதை அறிந்து போற்றினார். தம் தொழிலின் நுட்பம் பிறர்க்குப் புரிந்திருக்கிறது என்பதைக் காட்டிலும் ஒரு கலைஞருக்கு வேறென்ன மகிழ்ச்சி வேண்டும்?

இரண்டாவது, அது வேலை கொடுத்த பாராட்டு. முதியவரை நாற்காலியில் அமர்த்தி மாலையிட்டுக் கைதட்டிவிட்டு அனுப்பிவிடவில்லை. மீண்டும் பாடச் சொன்னார்கள். மீண்டும் வாசிக்கச் சொன்னார்கள். 'உம் கலை முடிந்துவிடவில்லை. அது எமக்கு இன்றும் தேவை' என்பதைச் செயலால் உணர்த்தினார்கள்.

மூன்றாவது, அது மாற்றாமல் செய்த பாராட்டு. பழைய பாடல்களைக் காலத்திற்கேற்பத் திருத்துகிறோம் என்று அவர்கள் தொடங்கவில்லை. முதியவர்கள் பாடிய முறையிலேயே பாடவிட்டு, இளையவர் அம்முறைக்குத் தம்மை இணக்கிக்கொண்டார். புதுமை செய்ய வேறு இடம் உண்டு. காக்கவேண்டிய இடத்தில் காப்பதே கடமை.

நான்காவதுதான் தலையாயது. அது உயிரோடு இருக்கும்போது செய்த பாராட்டு. 1989-ஆம் ஆண்டில் தவ் மோயே தம் பாடலைத் தம் செவியால் கேட்டார். தம் மனைவியின் பெயரும் மக்கள் பெயரும் அச்சில் வந்ததைத் தம் கண்ணால் கண்டார். அதன்பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2004-இல் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். இத்தொகுப்பு இருபது ஆண்டு பிந்தியிருந்தால், அது கல்லறையின்மேல் வைத்த மலர்வளையம் ஆகியிருக்கும். அவ்வளவே.

பாராட்டிய பிராஸ்மனும் இன்று இல்லை. 2013-இல் அவர் மறைந்தார். ஆனால் சங்கிலி அறவில்லை. கல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யாவும் பிராஸ்மனும் சேர்ந்து 2003-இல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டிருந்தார்கள். பின்னர்த் தேபாஷிஷ், ஹவாய்க் கலைஞர்களுடன் சேர்ந்து, 'ஹவாயிலிருந்து கல்கத்தாவிற்கு' என்னும் பொருள்படப் பெயரிட்டு, தவ் மோயேக்கு அஞ்சலியாகவே ஓர் இசைத்தொகுப்பை உருவாக்கினார். 1940-களில் ஓர் ஏழைப் பயணக் கலைஞர் கல்கத்தாவில் விதைத்தது, அரை நூற்றாண்டிற்கும் மேலான பின், அதே கல்கத்தாவிலிருந்து நன்றியாகத் திரும்பி வந்தது. செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தாரல்லவா? அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அன்பர்களே, ஹவாய்க் கதையை இத்துடன் நிறுத்தி, நம் தோட்டத்தைப் பார்ப்போம்.

தவ் மோயேயின் கருவி பிறந்த கரும்புத் தோட்டங்கள் இன்று இல்லை. ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலை, மாவி என்னும் தீவில், 2016-இல் மூடப்பட்டது. நூற்றெண்பது ஆண்டுத் தொழில் ஒன்று முடிந்தது. ஆலைகள் போயின, வயல்கள் போயின. ஆனால் அத்தோட்டங்களில் பிறந்த இசை போகவில்லை. ஏன் போகவில்லை? அதைக் கற்றவர் கற்பித்தார். கேட்டவர் பதிவு செய்தார். மூத்தவரை இளையவர் தேடிச் சென்றார்.

நம் நாட்டிலும் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் பால்மரங்கள் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பிற்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் விட்டன. அங்கு வாழ்ந்த மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அவர்களோடு போன கலை எத்தனை? லயத்து வாசலில் உடுக்கையடித்துக் கதை பாடியவர் எங்கே? காமன் கூத்தில் வேடம் கட்டியவர் எங்கே? மார்கழி விடியலில் பசனைக்கு ஆர்மோனியம் வாசித்தவர் எங்கே? தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் நூற்றுக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்த பாட்டிமார் எங்கே? தோட்டம் மாறுவதை நம்மால் தடுக்க இயலாமல் போகலாம். பாட்டு மறைவதை நம்மால் தடுக்க முடியும். அதற்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை.

எனவே, இங்கு கூடியுள்ள இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

உங்கள் தோட்டத்தில் உறுமி, பறை, உடுக்கை, ஆர்மோனியம், நாயனம், மிருதங்கம் என எதையேனும் வாசிக்கத் தெரிந்த முதியவர் யார், பழம்பாடல் அறிந்த மூதாட்டி யார் என்று முதலில் கண்டறியுங்கள். அவரைத் தனியே சென்று காணாதீர்கள். அக்கலையை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உறுமி அடிக்கும் இளைஞன் கேட்கும் கேள்வியே உறுமிக்காரரின் வாயைத் திறக்கும். 'தாத்தா, அந்தக் காலத்தில் இந்த அடியை எப்படி அடிப்பீர்கள்?' என்று அவன் கேட்டால், சொல்லால் அன்று, கையாலேயே அவர் விடை சொல்வார்.

அடுத்து, அவர் இசைவு பெற்று, பாடுவதையும் வாசிப்பதையும் பதிவு செய்யுங்கள். அன்று ஒரு பாட்டைப் பதிவு செய்யத் தோக்கியோ நகருக்குச் செல்லவேண்டியிருந்தது. இன்றோ உங்கள் சட்டைப்பையில் உள்ள கைத்தொலைபேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, அமைதியான நேரத்தில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே அவருடைய பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பெயரில்லாத பதிவு முகவரியில்லாத கடிதம் போன்றது. ஒரே கருவியில் வைத்திராமல் இரண்டு மூன்று இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

மூன்றாவதாக, ஒருவரேனும் அவரிடம் மாணவராக அமருங்கள். பதிவு நினைவைக் காக்கும். மாணவரே கலையைக் காப்பார். வாரத்தில் ஒருநாள் மாலை ஒருமணி நேரம் போதும். கற்பிப்பவருக்கு இயன்ற காணிக்கை கொடுங்கள். கலையை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உழைப்பை இலவசமாகக் கேட்பது முறையன்று.

நான்காவதாக, கோவில் திருவிழாவிலும் மன்ற ஆண்டு விழாவிலும் மூத்த கலைஞர்க்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அது நல்ல வழக்கமே. ஆனால் அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோருக்கு அவர் கலையைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அவருக்கோ வாசிக்க ஐந்து நிமிடமும் கிடைப்பதில்லை. இனி இம்முறையைச் சற்றே மாற்றுங்கள். உடன் வாசித்த கலைஞர் இருவர் எழுந்து, 'இவர் கையில் யாம் கண்ட சிறப்பு இது' என்று சொல்லட்டும். பிறகு அவரே வாசிக்கட்டும். நாம் கேட்போம்.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், வாழும் கலைஞர் ஒருவரையே நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்க வழிசெய்கிறது. நாட்டின் பார்வை அவ்வளவு உயர்ந்ததாக இருக்கையில், தோட்டத்தின் பார்வை குறுகியதாக இருக்கலாமா? அரசாங்கம் தேடி வருவதற்கு முன்பே, அண்டை வீட்டார் தேடிச் செல்லவேண்டும். தவ் மோயேயைத் தேடிச் சென்றவர் கடல் கடந்து சென்றார். நம் மூத்தவரைத் தேடிச் செல்ல நாம் கடக்கவேண்டியது ஒரு முற்றத்தை மட்டுமே.

மேலும் ஒன்று. நம் அண்டையிலுள்ள மலாய்ச் சகோதரர்களிடமும் சீனச் சகோதரர்களிடமும் இத்தகைய மூத்த கலைஞர்கள் உண்டு. சமோவாவில் பிறந்தவரை அமெரிக்கர் போற்றினார், வங்காளத்தவர் வணங்கினார். மொழி புரியாத இடத்திலும் கை புரிந்தது. ஒருவர் கலையை ஒருவர் உட்கார்ந்து கேட்பதைவிட ஒற்றுமைக்கு நல்ல வழி வேறில்லை. உங்கள் விழாவிற்கு அவர்களை அழையுங்கள்; அவர்கள் விழாவிற்கு நீங்களும் செல்லுங்கள்.

அன்புத் தோழர்களே! விடிகாலைப் பிரட்டிற்கு எழவேண்டிய உங்களை நெடுநேரம் அமர்த்தி வைத்துவிட்டோம். இனியும் காலம் நீட்டமாட்டோம். வரும் ஞாயிறு உங்களுக்கு ஓய்வு நாள். அன்று மாலை, எந்த முதியவரின் வீட்டில் ஒரு பழைய கருவி சுவரில் தொங்குகிறதோ, அந்த வீட்டிற்குச் செல்லுங்கள். தூசு தட்டச் சொல்லுங்கள். அவர் கை சற்று நடுங்கலாம். சுருதி சற்று விலகலாம். பொறுத்திருந்து கேளுங்கள். இரண்டாம் பாட்டில் கை தானே வழிக்கு வந்துவிடும்.